ஒரே டிக்கெட்டில் இரண்டு பேர்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் அப்பாவும் அப்பாவின் ஸ்கூல் வேனும் நலமாக இருப்பீர்கள். இதையெல்லாம் நேற்று போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் அந்த போன் அப்பாவின் சட்டைப்பையிலிருந்து வெளியே வந்து, ஸ்பீக்கரில் தெருவுக்கே கேட்கிற மாதிரி "சாப்டியா, தூங்கினியா" என்று கத்தி முடிப்பதற்குள் எனக்குச் சொல்ல வந்தது மறந்துவிடுகிறது. எனக்கு வாய் பேசாததைக் கைதான் பேசும், உனக்குத் தெரியாததா?

பெரிய செய்தி. ஞாயிற்றுக்கிழமை நான் தனியாகத் தியேட்டருக்குப் போனேன்! நானேதான். டிக்கெட் கொடுக்கிற பெண் "எத்தன பேரு?" என்றாள். ஒரு விரலைக் காட்டினேன். வாயைத் திறக்காமலே காரியம் முடிந்துவிட்டது.

படத்தின் பெயரைச் சொன்னாலும் உனக்கு நிற்காது. லாரிப் படம் என்று வைத்துக்கொள். ஒரு லாரி டிரைவர். ஒரு பணக்காரர் அவனிடம் பூட்டிய பெட்டி ஒன்றைக் கொடுத்து, மலைமேல் இருக்கிற ஊருக்குக் கொண்டுபோகச் சொல்கிறார். திறந்து பார்க்கக் கூடாது. அதே மலை ஊரில்தான் அவன் மனைவி நர்ஸாக இருக்கிறாள், கோபித்துக்கொண்டு போனவள். என் அபிப்பிராயம்: அந்த லாரி ஹீரோவைவிட நன்றாக நடித்திருக்கிறது. வழியெல்லாம் புழுதி. லாரி செம்மண் நிறமாகிவிட்டது, டிரைவர் சட்டை மட்டும் உன் கடையில் நேற்று தைத்த கர்ட்டன் மாதிரி பளிச்! நடுவில் வண்டியை நிறுத்திவிட்டுப் பூத்தோட்டத்தில் ஆடுகிறான். பெட்டியை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? எனக்குப் பாட்டே ஓடவில்லை. ஆனால் செக்போஸ்ட் அதிகாரியாக ஒருவர் வருகிறார் பார், வாயில் தீக்குச்சியைக் கடித்துக்கொண்டு, கண்ணை இமைக்காமல். தியேட்டரே மூச்சை அடக்கிக்கொண்டது. அவருக்காகவே பார்க்கலாம்.

அப்புறம் ஒரு வளைவில் பெட்டி உருண்டு விழுந்து பூட்டு உடைகிறது. அவன் குனிந்து பார்க்கிறான். முகம் மாறுகிறது. இடைவேளை!

இங்கேதான் அசடு வழிந்தேன். விளக்கு எரிந்ததும் எழுந்தேன். கால் அது பாட்டுக்கு நடந்தது. படி இறங்கி, கண்ணாடிக் கதவைத் தள்ளி, வாசலுக்கு வந்து, பாதி டிக்கெட்டை நீட்டிக்கொண்டு நின்றேன் அக்கா. நீ ஓடி வருவாய் என்று!

அம்மா படுக்கையில் இருந்த அந்த நாலு வருஷப் பழக்கம் காலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒருத்தி அம்மா பக்கத்தில் இருக்கணும், ஒருத்திதான் படத்துக்குப் போகலாம். முதல் பாதி நான். இடைவேளையில் நீ ஓடி வந்து டிக்கெட்டை வாங்கிக்கொண்டு இரண்டாம் பாதிக்கு உள்ளே போவாய், நான் வீட்டுக்கு ஓடுவேன். ராத்திரி அம்மா காலடியில் உட்கார்ந்து முன்கதையை நான் சொல்ல, பின்கதையை நீ சொல்வாய். டிக்கெட் கிழிக்கிற அண்ணன் "வந்துட்டாங்கப்பா அரை டிக்கெட்டுங்க" என்பாரே.

இந்த ஊர்க் காவலாளி "என்னம்மா, யாரையாவது தேடுறியா?" என்றார். தலையை ஆட்டிவிட்டு நேராக ரூமுக்கு வந்துவிட்டேன். கால் கழுவும்போதுதான் உறைத்தது, இரண்டாம் பாதியும் என்னுடையதுதானே என்று.

அதனால் உனக்கு ஒரு வேலை. பெட்டிக்குள் என்ன? அவன் மனைவி பேசுவாளா? நீ எழுது. உன் கடிதம் வந்த பிறகுதான் மறுபடியும் போய் மிச்சத்தைப் பார்ப்பேன். சத்தியம்.

உன் முதல் பாதி

*

மார்ச் 11

என் ஊமைக்கோட்டானுக்கு,

உன் கடிதத்தைக் கடையில் மெஷின் மேலேயே வைத்துப் படித்துச் சிரித்தேன். முதலாளியம்மா "என்ன, மாப்பிள்ளை வீட்டு லெட்டரா?" என்று கேட்டார். "இல்லக்கா, லாரி வந்திருக்கு" என்றேன். ஒன்றும் புரியாமல் போய்விட்டார்.

வாசலில் வந்து நின்றாயா? லூசு. படித்துவிட்டு எனக்கும் ஒரு நிமிஷம் ஊசி ஓடவில்லை. போகட்டும்.

பெட்டிக்குள் ஒன்றும் இல்லை. காலிப் பெட்டி. அதனால்தான் அவன் முகம் மாறுகிறது. அந்தப் பணக்காரருக்குப் பெட்டி போவது முக்கியமில்லை, அன்றைக்கு அவன் ஊரில் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். அவன் வீட்டை இடிக்கப் போகிறார்கள். திரும்பிப் போய்ச் சண்டை போடுவதா, இவ்வளவு தூரம் வந்தாச்சே என்று மனைவியைப் பார்ப்பதா? யோசித்துக்கொண்டே ஓட்டும்போது சக்கரம் பள்ளத்தில் மாட்டிக்கொள்கிறது. அந்தப் பக்கமாக மஞ்சள் ஹெல்மெட் போட்ட ஒரு லிஃப்ட் மெக்கானிக் நடந்து வருகிறார். ஒரு நீளக் கட்டையை எடுத்து, ஒரு முனையை இவனும் மறுமுனையை அவரும் பிடித்து நெம்புகிறார்கள். லாரி ஏறிவிடுகிறது. "வீடு எங்கயும் ஓடாது, ஆளுதான் ஓடிடும். மொதல்ல மேல போங்க" என்கிறார் மெக்கானிக். மனைவி காலிப் பெட்டியைப் பார்த்துவிட்டு, "இதுல என் துணி எல்லாம் புடிக்குமா?" என்று கேட்கிறாள். சுபம்.

சரியா தப்பா, பார்த்துவிட்டு எழுது. அப்பா நலம். வேனில் ஒரு சீட்டில் எந்தப் பிள்ளையோ பபிள்கம் ஒட்டிவிட்டது. யார் என்று கண்டுபிடிக்காமல் விடமாட்டேன் என்று போலீஸ் மாதிரி அலைகிறார். எனக்குக் கடையில் வேலை அதிகம். புது அடுக்குமாடிக் கட்டிடம் ஒன்று முழுக்க எங்கள் கர்ட்டன்தான். தினமும் ஜன்னல் அளக்கப் போகிறேன். அங்கே லிஃப்ட் எப்போது பார்த்தாலும் ரிப்பேர்.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் இரண்டாம் பாதி

*

மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

தப்பு! ஆனால் படம்தான் தப்பு, நீ சரி. பெட்டிக்குள் தங்கம். நம் பள்ளிக்கூடத்துத் தமிழ் சார் மாதிரி இருக்கிற அந்தப் பணக்காரரை நாற்பது பேர் காப்பாற்ற வருகிறார்கள், நாற்பது பேரும் பறக்கிறார்கள். ஒருத்தன் பறந்து போய்க் கிணற்றில் விழுகிறான், அவனை மறந்தே போனார்கள், கடைசி வரைக்கும் யாரும் தூக்கவில்லை. எனக்கு அவன் கவலையாகவே போய்விட்டது. மனைவி ஒரே ஒரு வசனம் பேசுகிறாள்: "வந்துட்டீங்களா?" இதற்கு அந்த நர்ஸ் யூனிஃபார்ம் வேறு தேவையா? உன் "துணி புடிக்குமா" முன்னால் இது நிற்குமா?

இப்போது முக்கியமான விஷயம். இந்த வாரம் பேய்ப் படம் பார்த்தேன்! கதாநாயகி பல் டாக்டர். புதிதாகக் கிளினிக் திறக்கிறாள். பேய் சும்மா வராது. பல் டாக்டர்கள் வாய்க்குள் விடுவார்களே சின்னக் கண்ணாடி, அதில்தான் வரும்! என்ன யோசனை பார். முதல் பாதி முழுக்க என் கன்னத்தைக் கையால் பொத்திக்கொண்டே பார்த்தேன். பக்கத்து சீட்டு ஆன்ட்டி "இந்தப் படம் முடிஞ்சு நான் எந்த டாக்டர்கிட்டயும் போ மாட்டேன்" என்று அவர் வீட்டுக்காரரிடம் சொன்னார். "உன் பல்லப் பாத்துப் பேய்தான் ஓடும்" என்றார் அவர். படத்தைவிட இது நன்றாக இருந்தது. இசை மட்டும் கொஞ்சம் ஓவர். கதவு திறந்தால் டமார், டீ குடித்தால் டமார். கடைசியில் ஒரு கிழவர் வாயைத் திறக்கிறார், கண்ணாடியை உள்ளே விடுகிறாள், அதில் அவளுக்குப் பின்னால் ஒரு பெண் நிற்கிறாள். அந்தப் பெண்ணும் வாயைத் திறக்கிறாள். இடைவேளை!

இந்தத் தடவை தெரிந்தேதான் எழுந்து வந்தேன். இனி எந்தப் படமானாலும் உன் முடிவைப் படித்த பிறகுதான் அவர்கள் முடிவு. எனக்கு இதுதான் ருசி.

ஆபீஸில் ஒன்று நடந்தது. நான் என்ன வேலை செய்கிறேன் என்று உனக்குத் தெரியும். வாஷிங் மெஷின் ஓடவில்லை என்று ஊர் முழுக்கத் திட்டி எழுதுவார்கள், நான் ஒவ்வொருவருக்கும் "தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று தட்ட வேண்டும். பேசவே தேவையில்லாத வேலை, எனக்கென்றே செய்தது. கேன்டீனில் எல்லோரும் லாரிப் படத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கள் டீம் லீடர் திடீரென்று என் பக்கம் திரும்பி, "நீ பாத்தியாம்மா? எப்படி?" என்றார். பதற்றத்தில் எனக்கு நிஜமான முடிவு மறந்து உன் முடிவு வாயில் வந்துவிட்டது. காலிப் பெட்டி, துணி புடிக்குமா, எல்லாம். எனக்கு வேர்த்துக் கொட்டியது. எப்போதும் ஹெட்போனோடு இருக்கிற என் பக்கத்து சீட்டுப் பெண், அவளை ஹெட்போன் என்றே சொல்வோம், அதைக் கழற்றிவிட்டு, "இது எந்தத் தியேட்டர்ல ஓடுது? நான் அங்க போய்ப் பாக்குறேன்" என்றாள். அத்தனை பேரும் சிரித்தார்கள். என்னைப் பார்த்து இல்லை அக்கா, என்னோடு.

பேய்க்கு என்ன வேண்டும்? சீக்கிரம் எழுது. ஹெட்போனும் காத்திருக்கிறாள்.

உன் முதல் பாதி

*

மார்ச் 28

என் ஊமைக்கோட்டானுக்கு,

நீ கேன்டீனில் கதை சொன்னாயா? அப்பாவிடம் சொன்னேன். "யாரு, நம்ம வீட்டுப் பொண்ணா?" என்று வேன் சாவியைக் கீழே போட்டுவிட்டார்.

பேய்க்குப் பல் வலி. வேறென்ன? உயிரோடு இருந்தபோது அதே இடத்தில் வேறு டாக்டர் இருந்தார். அவள் வரிசையில் உட்கார்ந்து உட்கார்ந்து, தன் முறை வருவதற்குள் மாரடைப்பில் போய்விட்டாள். அவளுக்குப் பழி வாங்கவும் தெரியாது, பயமுறுத்தவும் தெரியாது. பல்லைப் பிடுங்கினால் போதும். டாக்டர் இதைப் புரிந்துகொள்கிற நேரத்தில் கரண்ட் போய்விடுகிறது. விளக்கைப் பிடிக்க ஆள் வேண்டும். கட்டிடத்தில் லிஃப்ட் சரிசெய்ய வந்த மெக்கானிக் ஏணியோடு வருகிறார். ஏணியின் ஒரு முனையை டாக்டர் பிடித்துக்கொள்ள, அவர் ஏறி டார்ச் அடிக்கிறார். பேயைப் பார்த்துப் பயப்படவில்லை. "நானும் நடுவுல மாட்டினவங்களத்தான் தினமும் பாக்குறேன்" என்கிறார். பல் வந்துவிடுகிறது. பேய் நன்றி சொல்ல வாயைத் திறக்கிறது, திக்கித் திக்கிப் பேசுகிறது, ஊசி போட்டிருக்கிறார்கள் அல்லவா?

சரியா?

இங்கே எல்லாம் வழக்கம்போல. புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

உன் இரண்டாம் பாதி

*

ஏப்ரல் 5

அன்புள்ள அக்காவுக்கு,

பேய்ப் படத்தின் நிஜ முடிவைக் கேட்டால் அடிக்க வருவாய். டாக்டருக்கு ஒரு இரட்டைச் சகோதரி. அவ்வளவுதான் சொல்வேன். கேன்டீனில் உன் பல்வலிப் பேய்க்கு டீம் லீடர் மேசையைத் தட்டிச் சிரித்தார். நானும் அந்தத் திக்கித் திக்கிப் பேசுவதை நடித்தே காட்டினேன். நான்!

நேற்று மூன்றாவது படம். நாற்காலிப் படம். மூன்றிலும் எனக்கு இதுதான் உயிர். தியேட்டரில் பாதி சீட் காலி, இரண்டு பேர் குறட்டை, ஆனால் நான் அசையவில்லை. ஒரு ஆபீஸில் பகல் வேலைக்கு ஒரு பெண், இரவு வேலைக்கு ஒரு ஆண். ஒரே நாற்காலி. அவள் உயரத்தை இறக்கி வைத்துவிட்டுப் போவாள், அவன் ஏற்றி வைத்துக்கொள்வான். காலையில் வந்து அவள் திட்டிக்கொண்டே இறக்குவாள். ஒரு நாள் அவள் வரும்போது நாற்காலி ஏற்கெனவே இறக்கி வைத்திருக்கிறது. அவ்வளவுதான் காட்சி. பாட்டு இல்லை, டமார் இல்லை. அவள் நாற்காலியைப் பார்க்கிறாள், பார்த்துக்கொண்டே இருக்கிறாள். பிறகு அந்த இரவு வேலையையே மூடப்போவதாகச் சொல்கிறார்கள். இடைவேளை.

இதற்கும் முடிவு எழுது. ஆனால் ஒரு நிபந்தனை. இந்தப் படத்தில் லிஃப்ட் மெக்கானிக் வரக் கூடாது.

அக்கா, நான் பேசமாட்டேனே தவிர, பார்ப்பேன். நான் சொன்ன லாரிப் படத்தில் மெக்கானிக் கிடையாது. மலைமேல் லிஃப்ட்டுக்கு என்ன வேலை? பல் டாக்டர் கிளினிக் தரைத்தளம், நான் எழுதவில்லையே தவிர, படியே ஏற வேண்டாம். ஆனாலும் அந்த மஞ்சள் ஹெல்மெட்காரர் வந்துவிட்டார். ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு நீளமான பொருளின் மறுமுனையைப் பிடித்துக்கொள்கிறார். படத்திலேயே நல்ல வசனம் அவருக்குத்தான்.

அவர் யார்?

கடிதத்தை அப்பா கண்ணில் படாமல் வை.

உன் முதல் பாதி

*

ஏப்ரல் 14

அடிப்பாவி,

உன்னைப் படிக்க வைத்தது தப்பாகிவிட்டது.

கர்ட்டன் மாட்டுகிற ராடு இருக்கிறதே, அது ஆளைவிட நீளம், லிஃப்ட்டில் நுழையாது. எட்டாவது மாடி வரை படியில்தான் கொண்டுபோகணும். ஒருத்தியாகத் தூக்கினால் ஒவ்வொரு திருப்பத்திலும் சுவரில் இடிக்கும். முதல் நாள் நான் இடித்த சத்தம் கேட்டு, லிஃப்ட் கதவைத் திறந்து வைத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தவர் எழுந்து வந்து, ஒன்றும் கேட்காமல் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து தினமும். மேலே அவர், கீழே நான். திருப்பத்தில் முகம் தெரியாது, குரல் மட்டும் வரும். "வலது பக்கம் கொஞ்சம்… ம்ம், இப்ப வாங்க." பேசியதெல்லாம் படிக்கட்டில்தான். மனைவி இறந்து ஆறு வருஷம், பிள்ளை இல்லை. விசில் அடிப்பார், கேட்க முடியாது, அவ்வளவு கர்ணகடூரம்.

நான் சினிமாவுக்குப் போய் எத்தனை வருஷமாச்சு என்று உனக்குத் தெரியும். அம்மா போனதும் நீ ஹாஸ்டலுக்குப் போய்விட்டாய். தனியாகப் போய் முதல் பாதியில் உட்கார எனக்கு என்னவோ போல் இருந்தது. அப்பாவைக் கூட்டிப்போனால் பெயர் போடும்போதே தூங்கிவிடுவார் என்று சொல்வார்கள், நான் அதையும் பார்த்ததில்லை. உன் கதைகளை மெக்கானிக்கிடம் படிக்கட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன். போன வாரம் ஏழாவது மாடியில் நின்று, "சொல்லிட்டே இருக்கீங்களே, ஒரு நாள் பாக்கலாமா?" என்றார். வரும் ஞாயிறு, மாலைக் காட்சி, தியேட்டர் வாசலில் நிற்பாராம். இந்த மாதத்தோடு இந்தக் கட்டிட வேலை முடிகிறது. அடுத்து வேறு ஊர். "வரலைன்னா தப்பா எடுத்துக்க மாட்டேன், ஆனா மறுபடி கேக்க மாட்டேன்" என்றார்.

நான் ராடை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

வயது முப்பத்துமூன்று. அப்பா தனியாக என்ன செய்வார்? இதெல்லாம் ஒரு பக்கம். எனக்கு உண்மையான பயம் வேறு. எனக்கு ஆரம்பமே தெரியாதுடி. எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போது இருட்டில் தட்டித் தடவி உள்ளே போய் உட்கார்ந்துதான் பழக்கம். யாரோ அழுதுகொண்டிருப்பார்கள், ஏன் என்று நானே கண்டுபிடித்துக்கொள்வேன். ஒன்று முதலிலிருந்து எப்படித் தொடங்கும் என்று எனக்குச் சொல்லித்தந்தது யார்?

நாற்காலிப் படத்துக்கு எனக்கு முடிவு தெரியவில்லை.

அக்கா

*

ஏப்ரல் 17

அக்கா, அக்கா, அக்கா!

உன் கடிதத்தை ஆபீஸில் படித்துவிட்டு எழுந்து நின்றுவிட்டேன். ஹெட்போன் பயந்து போய் "என்னாச்சு?" என்றாள். "ஒண்ணுமில்ல, ராடு" என்றேன். பிறகு ஒரு வாடிக்கையாளருக்கு "தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு மகிழ்கிறோம்" என்று தட்டிவிட்டேன். அனுப்பும் முன்னால் பார்த்தேன், தப்பித்தேன்.

யார் சொல்லித்தருவது என்று கேட்டாயே. நான்தான்! ஆரம்பம் என் டிபார்ட்மென்ட். இத்தனை வருஷமும் நான் பார்த்தது அதைத்தானே? கேட்டுக்கொள்: ஆரம்பத்தில் பெரிதாக ஒன்றும் நடக்காது. யாரோ ஒருவர் ஒரு பொருளை எடுத்து வைப்பார், நாற்காலியை இறக்கி வைப்பார், ராடின் மறுமுனையைப் பிடிப்பார். பார்க்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும், படத்தில் இருக்கிறவளுக்குத்தான் கடைசியில் தெரியும். உனக்கு ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டது. நீ இன்னும் வாசலில் நிற்கிறாய்.

அப்பாவைப் பற்றி: அவர் நாற்பது பிள்ளைகளை ஒரு வேனில் அடக்குகிறவர். அவரால் ஒரு வீட்டில் தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாதா? அவரை நீ ஒரு வார்த்தை கேட்டாயா? கேட்கவில்லை. இதற்கும் முடிவை நீயே எழுதி வைத்துக்கொண்டாய்.

நான் படித்தேன், வேலைக்கு வந்தேன், என் பெயருக்குப் பின்னால் இரண்டு எழுத்து இருக்கிறது. அந்த இரண்டு எழுத்தும் நீ தைத்தது. உனக்குத் திருப்பித்தர என்னிடம் வேறு ஒன்றும் இல்லை, முதல் பாதியைத் தவிர. எடுத்துக்கொள்.

போ அக்கா. சீக்கிரம் போ. பெயர் போடுவதற்கு முன்னால் போ. அந்தப் பச்சைப் புடவையைக் கட்டிக்கொள்.

எக்ஸ்பிரஸ் தபாலில் அனுப்புகிறேன், ஞாயிறுக்குள் வந்துவிட வேண்டும்.

உன் முதல் பாதி

*

ஏப்ரல் 23

என் ஊமைக்கோட்டானுக்கு,

போனேன்.

பச்சைப் புடவை கட்டினேன், அவிழ்த்தேன், மறுபடி கட்டினேன். அப்பாவிடம் "படத்துக்குப் போறேன்" என்றேன். "யாரோட?" என்று கேட்பார் என்று நடுங்கிக்கொண்டிருந்தேன். "குடை எடுத்துட்டுப் போ" என்றார். தெருமுனை வரை போனேன். திரும்பி வந்தேன். கடை வாசலில் உட்கார்ந்தேன். பிறகு ஒரு கட்டத்தில் எழுந்து விடுவிடுவென்று நடந்தேன், நடந்து போய்ச் சேர்ந்தால், தியேட்டர் வாசலில் எல்லோரும் டீ குடித்துக்கொண்டு நிற்கிறார்கள். இடைவேளை.

சிரிக்காதே. என் காலும் உன் காலும் ஒரே வீட்டுக் கால்தானே?

அவர் உள்ளே இருப்பார், அல்லது கோபித்துக்கொண்டு போயிருப்பார் என்று நினைத்தேன். வாசல் தூணில் சாய்ந்துகொண்டு நின்றார். ஹெல்மெட் இல்லாமல் முதல் தடவையாகப் பார்த்தேன், முன்னால் கொஞ்சம் வழுக்கை. கையில் கிழிக்காத இரண்டு டிக்கெட்.

"நீங்க போய்ப் பாத்திருக்கலாமே" என்றேன்.

"ஒரு முனைய மட்டும் புடிச்சுட்டு என்ன பண்றது?"

"எனக்கு இந்த நேரத்துக்கு வந்துதான் பழக்கம்" என்று உளறினேன். பிறகு அந்த அரை டிக்கெட் கதை முழுவதையும் அங்கேயே நின்று சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, டிக்கெட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "அப்ப இது வேணாம். அடுத்த காட்சிக்கு எடுப்போம். மொதல்லேருந்து" என்றார். உடனே அப்பாவுக்கு போன் செய்து "நேரமாகும்" என்றேன். "சரி" என்றார், அவ்வளவுதான்.

அடியே! முதல் பாதி இப்படி இருக்கும் என்று நீ ஏன் சொல்லவே இல்லை? பெயர் போடுகிறார்கள்! எத்தனை பேர் பெயர், தையல்காரர் பெயர்கூட வருகிறது! ஹீரோ யார் என்று அவர்களே காட்டிவிடுகிறார்கள், காலைக் காட்டி, முதுகைக் காட்டி, அப்புறம் முகம். நான் ஒவ்வொரு படத்திலும் யார் ஹீரோ, யார் அவன் தம்பி என்று இருட்டில் எவ்வளவு நேரம் முழித்திருப்பேன்! எல்லோரும் சந்தோஷமாக வேறு இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த சினிமாவில் எல்லோரும் அழுதுகொண்டோ ஓடிக்கொண்டோதான் இருப்பார்கள். படம் சுமார்தானாம், பின்னால் இருந்தவர்கள் திட்டினார்கள். எனக்கு அப்படி இல்லை. வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

விளக்கு எரிந்தது. அப்போது அவர், "உங்க அப்பாவப் பாக்க வரலாமா?" என்று கேட்டார்.

இடைவேளை.

இனி நீ எழுது. நான் மாட்டேன். இத்தனை நாள் நான் எழுதினேன் அல்லவா?

இந்தத் தடவை நான்தான், முதல் பாதி

*

ஏப்ரல் 28

அன்புள்ள முதல் பாதிக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டு ரூமில் தனியாக ஆடினேன். கீழ்வீட்டு அம்மா கம்பால் கூரையைத் தட்டினார். அவருக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு நான் வருந்தவில்லை.

எனக்கு முடிவு எழுதத் தெரியாது. முதல் முயற்சி, திட்டாதே.

நம் வீட்டு ஹால். அவர் வருகிறார். ஹெல்மெட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொள்கிறார். வீட்டுக்கு வர எதற்கு ஹெல்மெட் என்று யாரும் கேட்கவில்லை. நீ உள்ளே நின்று கதவிடுக்கில் பார்க்கிறாய். அப்பா பத்து நிமிஷம் பேசவில்லை. எனக்கு வாய் எங்கிருந்து வந்தது என்று அப்போது தெரிகிறது. பிறகு ஒரே ஒரு கேள்வி: "லிஃப்ட் நடுவுல நின்னுட்டா, உள்ள இருக்கறவங்கள என்ன பண்ணுவீங்க?"

"வெளிய இருந்து பேசிட்டே இருப்பேன் சார். வேலை அது பாட்டுக்கு நடக்கும். உள்ள இருக்கறவங்க பயப்படக் கூடாதுல்ல."

அப்பா "ம்ம்" என்கிறார். அது அவருடைய "சம்மதம்". நீ ஓடி வந்து "உங்கள யாரு பாத்துப்பாங்க?" என்று அழுகிறாய். "நான் என்ன கைக்குழந்தையா? ஞாயித்துக்கிழம வேன் சும்மாதான நிக்குது, நான் வந்து பாத்துக்கறேன்" என்கிறார். அடுத்த ஞாயிறு மூன்று பேரும் சினிமாவுக்குப் போகிறீர்கள். பெயர் போடும்போதே அப்பா தூங்கிவிடுகிறார். நீங்கள் இரண்டு பேரும் அவர் குறட்டைக்கு நடுவில் முழுப் படமும் பார்க்கிறீர்கள். சுபம்.

நாற்காலிப் படத்தின் மிச்சத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. நாளைக்குப் போகிறேன், ஹெட்போன், டீம் லீடர், இன்னும் மூன்று பேரோடு. "போலாமா?" என்று கேட்டது யார் தெரியுமா? நான். சத்தமாக.

சரியா, தப்பா, எழுது.

உன் இரண்டாம் பாதி

*

மே 9

என் ஊமைக்கோட்டானுக்கு (இனி இப்படிக் கூப்பிட முடியாது போலிருக்கிறது),

சரி. ஏறக்குறைய எல்லாம் நீ எழுதினபடிதான். ஹெல்மெட் உட்பட. நான் சமையலறையில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன், நீ எங்கேயோ ஒளிந்து பார்க்கிறாய் என்றே தோன்றியது. அப்பா கேட்டது லிஃப்ட் நின்றால் என்று இல்லை, பிரேக் பிடிக்காவிட்டால் என்று. டிரைவர் புத்தி. பதில் அதேதான்.

அவர் போகிற ஊர் நம் ஊரிலிருந்து வேனில் இரண்டு மணி நேரம். அப்பா ஏற்கெனவே ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, ரோடு நன்றாக இருக்கிறது என்றார். நாள் குறிப்பதற்கு முன்னால் நீ வந்தாக வேண்டும். நாலு டிக்கெட் எடுக்கப் போகிறோம். இந்தத் தடவை யாரும் வாசலில் நிற்கக் கூடாது.

ஒரே ஒரு இடம் தப்பு.

ஞாயிறு மூன்று பேரும் படத்துக்குப் போனோம், ஆனால் அப்பா தூங்கவில்லை. பெயர் போட்டதிலிருந்து கண் கொட்டாமல் உட்கார்ந்திருந்தார். எனக்கே ஆச்சரியம். இடைவேளையில் விளக்கு எரிந்ததும், "படம் எப்படிப்பா?" என்று கேட்டேன்.

எங்கள் இரண்டு பேரையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, "எந்தப் படம்?" என்றார்.

அக்கா